கூரை ஏசிக்கு 80 சதவீதத் தள்ளுபடி: வாடகைக் கடைக்காரர் கையெழுத்துப் போடலாமா?

நியூ ஜெர்சி மாநிலம் மிடில்செக்ஸ் கவுன்டியில் ஒரு ஸ்ட்ரிப் மாலில் கணவரோடு சேர்ந்து சைவ உணவகம் நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சமையலறை கணவர் பொறுப்பு, கணக்கு வழக்கு இவர் பொறுப்பு. கடை 3,200 சதுர அடி, முன்பு துணிக்கடையாக இருந்த இடம். லீஸ் முடிய இன்னும் 28 மாதம் இருக்கிறது. அதன் பிறகு 5 ஆண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. வாடகை போக சொத்து வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் இவர்கள் தலையில். மின்சாரம் மாதம் சராசரியாக 16,000 யூனிட் (கிலோவாட்-மணி), 2,900 டாலர். 2025 கோடையிலிருந்து பில் ஏறியது இறங்கவே இல்லை என்கிறார்.

போன மாதம் ஒரு கான்ட்ராக்டர் கடைக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு நான்கு வேலைகளுக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். 40 ட்யூப்லைட் பெட்டிகளை எல்இடியாக மாற்ற 9,000 டாலர். கூரையில் இருக்கும் இரண்டு 7.5 டன் ஏசி யூனிட்டுகளை மாற்ற 41,000. ஆள் உள்ளே நுழையும் அளவுள்ள குளிர் அறைகளான வாக்-இன் கூலர், ஃப்ரீசர் மோட்டார்களுக்கும் கன்ட்ரோல்களுக்கும் 7,000. தெர்மோஸ்டாட், வெந்நீர்க் குழாய் உறை போன்ற சில்லறை வேலைகளுக்கு 5,000. ஆக மொத்தம் 62,000. "இதில் 80 சதவீதத்தை மின்சாரக் கம்பெனியே கொடுத்துவிடும். உங்கள் பங்கு 12,400 மட்டும். அதையும் வட்டியில்லாமல் 60 மாதம் பில்லோடு சேர்த்துக் கட்டலாம். மாதம் 207 டாலர் கட்டினால் பில்லில் 600 குறையும், முதல் மாதமே லாபம்" என்பது அவர் கணக்கு. வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

வாசகியின் தம்பி, "இதுக்கு மேல என்னக்கா யோசிக்கணும், போட்டுடு" என்கிறார். கணவரோ, "எவன் சும்மா 50,000 டாலர் கொடுப்பான், இது ஏமாத்து வேலை" என்கிறார். வாசகி என்னிடம் கேட்பது மூன்று: இது மோசடியா, லாபமா, லேண்ட்லார்டிடம் சொல்லியாக வேண்டுமா? "சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று பயம்" என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கொட்டேஷனையும் பில்லையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. பாதிப் பேர் பில்லே இல்லாமல் யோசனை கேட்பார்கள். நான் கட்டடங்களின் மின் செலவைத் தணிக்கை செய்பவன், வழக்கறிஞரோ சிபிஏவோ (வரிக் கணக்காளரோ) இல்லை. லீஸ், வரி பற்றி நான் சொல்வதை அவரவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகம். அந்தத் தள்ளுபடிப் பணம் உண்மையானதுதான். ஆனால் யாரும் சும்மா கொடுக்கவில்லை, நீங்களே பல வருஷமாகக் கட்டிவரும் பணம் அது. நியூ ஜெர்சியில் 1999-இல் மின் வினியோகத்தில் போட்டியை அனுமதித்த சட்டம் வந்தபோதே இது போன்ற பொதுத் திட்டங்களுக்கான சொசைட்டல் பெனிஃபிட்ஸ் சார்ஜ் என்ற கட்டணமும் பில்லுக்குள் வந்துவிட்டது. பிறகு 2018-இல் வந்த தூய எரிசக்திச் சட்டம், வாடிக்கையாளர்களின் மின் பயன்பாட்டை ஆண்டுக்கு 2 சதவீதமும் எரிவாயுப் பயன்பாட்டை 0.75 சதவீதமும் குறைத்துக் காட்ட வேண்டும் என்று வினியோக நிறுவனங்களுக்கே இலக்கு வைத்தது. அதன்படி 2021 ஜூலையிலிருந்து பிஎஸ்இ அண்ட் ஜி, ஜேசிபி அண்ட் எல், அட்லான்டிக் சிட்டி எலெக்ட்ரிக், ராக்லாண்ட் எலெக்ட்ரிக் ஆகியவை தள்ளுபடித் திட்டங்களை நேரடியாக நடத்துகின்றன. மாநிலத்தின் பப்ளிக் யுடிலிட்டீஸ் போர்டு மேற்பார்வை செய்கிறது. செலவு எல்லா வாடிக்கையாளர் பில்லிலும் ஒரு வரியாக வந்து சேரும். உங்களுக்கு வந்த பிஎஸ்இ அண்ட் ஜி பில்லில் அது கிரீன் புரோகிராம்ஸ் ரெக்கவரி சார்ஜ். விண்ணப்பிக்காமல் விட்டால் பக்கத்துக் கடைக்காரரின் விளக்குக்கு நீங்கள் பணம் கட்டியதாக ஆகும்.

திட்டம் உண்மை என்பதால் வாசலுக்கு வருகிற ஆள் எல்லோரும் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாநிலத்தில் மின்சாரத்தை வேறு சப்ளையரிடம் வாங்க அனுமதி இருப்பதால், "ரிபேட்டுக்குத் தகுதி இருக்கா பார்க்கிறேன், பில்லைக் காட்டுங்க" என்று ஆரம்பித்து, கடைசியில் உங்களை இன்னொரு சப்ளையருக்கு மாற்றிவிடும் ஆட்களும் சுற்றுகிறார்கள். உங்கள் பில்லில் பிஇ (PE) என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் சப்ளையர் மாற்றம் நடக்கும். உங்கள் ஆள் கொட்டேஷனில் வேலைகளைத் தனித்தனியாக எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த ரகம் மாதிரித் தெரியவில்லை. இருந்தாலும் பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, இந்த கான்ட்ராக்டர் திட்டத்தில் பதிவு செய்தவரா என்று கேட்டுவிடுங்கள். அவர் கொடுக்கிற எண்ணுக்குப் போன் செய்வதில் பயனில்லை.

பில் ஏன் ஏறியது?

"பழைய சாமான்களால்தான் பில் ஏறிவிட்டது" என்று கான்ட்ராக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இரண்டு வருஷத்து பில்களை எடுத்து யூனிட்டை மட்டும் பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் யூனிட் பெரிதாக மாறவே இல்லை, விலைதான் மாறியிருக்கிறது. நியூ ஜெர்சி உட்பட 13 மாநிலங்களின் மின் கட்டமைப்பை நடத்தும் பிஜேஎம், மின் நிலையங்கள் தயாராக நிற்பதற்காக ஏலத்தில் ஒரு விலை நிர்ணயிக்கும். 2024 ஜூனில் தொடங்கிய ஆண்டுக்கு அது ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலர். 2025 ஜூனில் தொடங்கிய ஆண்டுக்கு 269.92. அந்தச் சுமைதான் உங்கள் பில்லில் இறங்கியது. அதற்கடுத்த ஏலத்தில் 329.17 ஆனது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலை முடிந்தபின் பில் பழைய தொகைக்குத் திரும்பும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கான்ட்ராக்டரும் "விலை ஏறிடுச்சு மேடம்" என்று தப்பித்துக்கொள்வார். அதனால் சேமிப்பை டாலரில் வாக்குறுதியாக வாங்காதீர்கள். யூனிட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக.

மாதம் 600 டாலர் என்றால் ஆண்டுக்கு 7,200. உங்கள் சராசரி விலை யூனிட்டுக்கு 18 சென்ட். அப்படியானால் ஆண்டுக்கு 40,000 யூனிட் குறைய வேண்டும், அதாவது உங்கள் மொத்தப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இந்த நான்கு வேலைகளில் அவ்வளவு குறையுமா என்று போட்டுப் பார்த்தேன்.

நான்கு வேலை, நான்கு கதை

விளக்கிலிருந்து தொடங்கலாம். நான்கு ட்யூப் உள்ள பழைய டி8 ரக ட்யூப்லைட் பெட்டி சுமார் 112 வாட் இழுக்கும். கொட்டேஷனில் இருக்கும் எல்இடி பெட்டி 36 வாட். 40 பெட்டிக்கு 3 கிலோவாட் மிச்சம். நாளுக்கு 13 மணி நேரம், மாதம் 26 நாள் (திங்கட்கிழமை உங்களுக்கு விடுமுறை) என்று வைத்தால் ஆண்டுக்கு 12,300 யூனிட், ஏறக்குறைய 2,200 டாலர். உங்கள் பங்கு 1,800. ஒரு வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயம் தவிர. சில கான்ட்ராக்டர்கள் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி 5000 கெல்வின் வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வெளிச்சத்தில் சாம்பார் சாம்பல் நிறமாகத் தெரியும், ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சாப்பிடும் பகுதிக்கு இளமஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 கெல்வின், நிறம் காட்டும் குறியீடு 90 என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். விளக்கு டிஎல்சி பட்டியலில் (தரம் சரிபார்த்த எல்இடி விளக்குகளின் பட்டியல்) இருக்கிறதா என்பதையும் மாடல் எண்ணோடு கேளுங்கள். பெரும்பாலான வணிக எல்இடி தள்ளுபடிகளுக்கு அந்தப் பட்டியல்தான் அளவுகோல்.

அடுத்து வாக்-இன் கூலரும் ஃப்ரீசரும். உள்ளே குளிர்ந்த காற்றைச் சுற்றவிடும் சின்ன விசிறிகள் ஐந்து இருக்கின்றன. பழைய வகை மோட்டார் ஒவ்வொன்றும் 130 வாட் அளவு எடுக்கும், மின்னணு முறையில் இயங்கும் புதிய ஈசி மோட்டார் 45 வாட்தான். ஐந்துக்கும் சேர்த்து மிச்சம் 425 வாட். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் இவை ராத்திரி, பகல், திங்கட்கிழமை, தீபாவளி என்று ஓய்வே இல்லாமல் வருஷத்துக்கு 8,760 மணி நேரம் ஓடுகின்றன. அதோடு, மோட்டார் வெளியேற்றும் சூடு கூலருக்குள்ளேயே விழுந்து, அதையும் கம்ப்ரெஸர் வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு 4,800 யூனிட்டுக்கு மேல், சுமார் 870 டாலர். உங்கள் பங்கு 1,400. இரண்டு வருஷம் கூட ஆகாது.

இப்போது 41,000 டாலர் கூரை யூனிட்டுகள். கொட்டேஷனில் மூன்றில் இரண்டு பங்கு இதுதான், தள்ளுபடியிலும் அப்படியே. பழைய யூனிட் ஒரு டன் குளிர்ச்சிக்கு 1.33 கிலோவாட் எடுக்கிறது, புதியது 1 கிலோவாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 15 டன்னுக்கு 5 கிலோவாட் மிச்சம். நியூ ஜெர்சியில் கோடை குறுகியது. முழுச்சுமையில் ஓடும் நேரம் வருஷத்துக்கு 1,000 மணி என்று தாராளமாகவே போட்டாலும் 5,000 யூனிட், 900 டாலர். கவனியுங்கள்: 7,000 டாலர் செலவில் ஐந்து குட்டி மோட்டார்கள் மிச்சம் பிடிப்பதும், 41,000 டாலர் செலவில் இரண்டு பெரிய பெட்டிகள் மிச்சம் பிடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 80 சதவீதம் போக உங்கள் பங்கு 8,200. அது திரும்பி வர ஒன்பது வருஷம். உங்கள் கையில் இருக்கும் லீஸ் 28 மாதம். 5 ஆண்டு நீட்டித்தாலும் ஏழரை வருஷத்தைத் தொடாது.

தெர்மோஸ்டாட், குழாய் உறை போன்றவற்றில் ஆண்டுக்கு 500 டாலர் வரலாம். நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பாத்திரம் கழுவும் ஸ்ப்ரே பழையதாக இருந்தால் தண்ணீர் குறைந்த ஒன்றை இதோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எரிவாயுவும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

ஆக நான்கையும் செய்தால் மாதம் 375 டாலர் அளவுக்குச் சேமிப்பு, தவணை 207. கூரை யூனிட்டை விட்டுவிட்டு மூன்றை மட்டும் செய்தால் மொத்தச் செலவு 21,000, உங்கள் பங்கு 4,200, தவணை மாதம் 70, சேமிப்பு 300. கழித்துப் பாருங்கள். குறைவாகச் செய்தால் மாதம் 60 டாலர் அதிகமாக நிற்கிறது. போட்ட பணம் 14 மாதத்தில் வந்துவிடும், லீஸ் முடியும் முன்பே. இதெல்லாம் சராசரி விலையை வைத்துப் போட்ட கணக்கு. பில்லில் டிமாண்ட் சார்ஜ் (ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சாரத்துக்கான கட்டணம்) என்று தனியாக ஒன்று இருப்பதால் உண்மைத் தொகை கொஞ்சம் மேலே கீழே போகும். ஆனால் வரிசை மாறாது.

ஆடித் தள்ளுபடியில் பாதி விலை என்பதற்காகக் கட்டாத புடவையை வாங்கி வைக்கிற கதைதான் இந்தக் கூரை யூனிட். தள்ளுபடி பெரிது என்பதால் வேலை உங்களுக்கு லாபமாகிவிடாது. கான்ட்ராக்டர் ஏன் அதைத் தலையில் கட்டுகிறார் என்பதில் மர்மம் எதுவும் இல்லை, அவருடைய பில் 21,000-இலிருந்து 62,000 ஆகிறது. "நான்கையும் சேர்த்தால்தான் 80 சதவீதம் கிடைக்கும்" என்று அவர் சொல்லக்கூடும். சில திட்டங்களில் உண்மையாகவே பல வேலைகளைச் சேர்த்தால் சதவீதம் கூடும். அதை அவர் வாயால் கேட்காமல் மின் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த யூனிட்டுகள் சாகும் நிலையில் இருந்து, மாற்றும் செலவு லீஸ்படி உங்களுடையது என்றால் கணக்கே வேறு. அப்போது 900 டாலர் சேமிப்பைப் பார்க்கக் கூடாது. தள்ளுபடி இல்லாமல், ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது யூனிட் நின்றுபோய், கிடைத்த விலைக்கு 20,000 கொடுத்து ஒன்றை மாற்றுவதோடு ஒப்பிட வேண்டும். அவசரத்தில் மாற்றும்போது தள்ளுபடிக்கு விண்ணப்பிக்க நேரம் இருக்காது. ஏசி மெக்கானிக் ஒருவரை, விற்பவராக இல்லாத ஒருவரை, கூட்டி வந்து கம்ப்ரெஸர் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூரையில் இருப்பது யாருடையது?

தம்பிக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். வாடகை போக வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பும் நம் தலையில் விழும் உங்களுடையது போன்ற லீஸுக்கு ட்ரிபிள் நெட் என்று பெயர். ட்ரிபிள் நெட் என்றால் எல்லாமே நாம்தான் செய்ய வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பழுது பார்ப்பதும் முழுதாக மாற்றுவதும் ஒன்றல்ல. பல லீஸ்களில் பழுது பார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு, மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. சிலவற்றில் மாற்றும் செலவை ஆண்டுகளுக்குப் பிரித்துக் கட்டச் சொல்லியிருக்கும். சிலவற்றில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, சண்டை வருவது அங்கேதான். வணிக லீஸில் வீட்டு வாடகைக்காரருக்கு இருப்பது போன்ற சட்டப் பாதுகாப்பு கிடையாது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் முடிவு. ஒரு வழக்கறிஞரிடம் அந்தப் பத்தியை மட்டும் காட்டி இரண்டு கேள்வி கேளுங்கள்: மாற்றுவது யார் பொறுப்பு, நாங்கள் காலி செய்யும்போது நாங்கள் போட்டவை யாருக்கு?

இரண்டாவது கேள்விக்குப் பொதுவான பதில் உங்களுக்குப் பிடிக்காது. கட்டடத்தோடு பொருத்தியவை உரிமையாளரிடமே தங்கிவிடும். கிரைண்டரையும் மேசை நாற்காலியையும் எடுத்துப்போகலாம், கூரை யூனிட்டை எடுத்துப்போக முடியாது. தவணை மட்டும் உங்களோடு வரும். பல திட்டங்களில் கணக்கை மூடினால் மீதித் தவணை மொத்தமும் கடைசி பில்லில் வந்து நிற்கும். நான்கு வேலையும் செய்து 28 மாதத்தில் கிளம்பினால் அப்போது 6,600 டாலர் பாக்கி இருக்கும். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

லேண்ட்லார்டிடம் சொல்லாமல் செய்யலாமா? செய்யாதீர்கள். விளக்கும் மோட்டாரும் கூட லீஸில் மாற்றம் என்ற பத்திக்குள் வரலாம். கூரையில் கை வைத்தால் அவர் கூரைக்கு வாங்கிய வாரன்டியே போய்விடக்கூடும். கட்டட அனுமதி, மின் அனுமதி வேண்டும், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனும் ஹெச்விஏசி (ஏசி, ஹீட்டிங்) கான்ட்ராக்டரும் வேண்டும். திட்டத்திலும் உரிமையாளர் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். வாடகை ஏற்றிவிடுவார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. லீஸ் காலத்துக்குள் வாடகை எப்படி ஏறும் என்பது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. விளக்கை மாற்றியதற்காக நடுவில் ஏற்ற முடியாது. நீட்டிப்பு ஆண்டுகளின் வாடகை லீஸிலேயே குறிப்பிட்டிருக்கிறதா, அல்லது அன்றைய சந்தை விலை என்று விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தை விலை என்றிருந்தால் உங்கள் பயத்துக்கு அர்த்தம் உண்டு. "வாடகைக்காரர் தன் செலவில் செய்த மேம்பாடுகள் வாடகை நிர்ணயத்தில் சேராது" என்று ஒரு வரியை ஒப்புதல் கடிதத்திலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

லேண்ட்லார்டுக்கும் ஒரு பயம் இருக்கும். நியூ ஜெர்சிச் சட்டப்படி வணிகக் கட்டடத்தில் வேலை செய்தவருக்குப் பணம் வராவிட்டால், கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அவர் லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மீது கோரும் உரிமை) பதிவு செய்யலாம். துணைக் கான்ட்ராக்டரும் செய்யலாம். அதனால் பணம் போகும்போதெல்லாம் லீன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்குங்கள். அதை வாங்குவேன் என்று முதலிலேயே சொன்னால் லேண்ட்லார்டு சீக்கிரம் ஒப்புக்கொள்வார்.

கையெழுத்துக்கு முன்

தள்ளுபடிக்கு மின் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் வராமல் ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்ற விடாதீர்கள். தள்ளுபடி கிடைக்காமல் போவதற்கு நான் பார்த்ததில் முதல் காரணம் இதுதான். பழைய விளக்கைக் கழற்றிய பிறகு, எது இருந்தது என்று பார்க்க வருகிற இன்ஸ்பெக்டருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில், "தள்ளுபடி ஒப்புதலான தொகையில் கிடைக்காவிட்டால் இந்த ஒப்பந்தம் செல்லாது, மீதியை வாடிக்கையாளர் கட்ட வேண்டியதில்லை" என்று எழுத வேண்டும். தள்ளுபடி மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் உங்களுடையது என்று பொடி எழுத்தில் சிலர் போட்டிருப்பார்கள். 80 என்பது அவர் வாய்ச்சொல். சதவீதம் திட்டத்துக்குத் திட்டமும் காலத்துக்குக் காலமும் மாறும். மின் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் டாலர் தொகை மட்டுமே உங்கள் பணம்.

இன்னொரு கொட்டேஷனும் வாங்குங்கள். 80 சதவீதம் வேறொருவர் பணம் என்றானதும் விலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் விலை வீங்கும். 20 சதவீதம் உங்கள் பணம் என்பதை மறக்க வேண்டாம். கழற்றும் ட்யூப்களில் பாதரசம் இருப்பதால் அவற்றைக் குப்பையில் போடக் கூடாது. அப்புறப்படுத்தும் செலவு விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை கெடுவைப் பொருட்படுத்த வேண்டாம். நியூ ஜெர்சி நிறுவனங்களின் இப்போதைய திட்டச் சுற்று 2025 ஜனவரியில் தொடங்கி 2027 ஜூன் 30 வரை. நடுவில் பணம் தீர்ந்து நிற்பதும் விதி மாறுவதும் நடக்கும் என்பதால் மாதக்கணக்கில் தூங்கவும் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை என்பது திட்டத்தின் கெடு அல்ல, விற்பவரின் கெடு.

வரி பற்றி

"ரிபேட்டுக்கு வரி இல்லை" என்று கான்ட்ராக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு அது சரி. மின் நிறுவனம் தரும் சேமிப்பு மானியத்துக்கு வருமான வரி விலக்கு தரும் மத்தியச் சட்டத்தின் 136-வது பிரிவு, குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டும் பொருந்தும். கடைக்குக் கிடையாது. தள்ளுபடி நேரே கான்ட்ராக்டருக்குப் போனால் நீங்கள் கட்டிய 4,200 மட்டுமே உங்கள் செலவு, 21,000-ஐயும் செலவாகக் காட்டக் கூடாது. காசோலை உங்கள் பெயருக்கு வந்தால் எப்படிக் காட்டுவது என்று சிபிஏவிடம் கேளுங்கள். கட்டடங்களில் மின் சேமிப்பு வேலைக்கான 179டி என்ற பெரிய வரிக் கழிவைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூன் 30-க்குப் பிறகு தொடங்கும் வேலைகளுக்கு அது இல்லை. உங்கள் அளவு கடைக்கு அதற்கான இன்ஜினியர் சான்றிதழ் செலவே கட்டுப்படியாகாது. விட்டுவிடுங்கள்.

கொட்டேஷனில் இல்லாதது

கான்ட்ராக்டர் உங்கள் சமையலறை ஹூடை (அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் கூண்டு) திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உணவகத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தோசைக்கல்லுக்கு மேல் காலை முதல் இரவு வரை அது முழு வேகத்தில் இழுக்கிறது. இழுப்பது புகையை மட்டுமல்ல, கோடையில் நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றையும், ஜனவரியில் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றையும் சேர்த்துத்தான். சமையல் நடக்கும் அளவைப் பார்த்து விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் உண்டு. அதற்குத் தள்ளுபடி இருக்கிறதா என்று கேளுங்கள். பொருத்தும் முன் உள்ளூர் தீயணைப்பு அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். அதுவரை, மதியச் சமையல் முடிந்து மாலை டிபன் தொடங்கும் வரை, அடுப்பு எல்லாம் அணைந்திருக்கும்போது ஹூடை நிறுத்துங்கள். கூலர் கதவின் ரப்பரை மாற்றுவது, கண்டென்ஸர் சுருளைத் தூசி தட்டுவது போன்றவற்றுக்கு ரிபேட்டும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம், இந்த வாரமே செய்யலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

விளக்கு, கூலர் மோட்டார், சில்லறை வேலை என்ற மூன்றுக்கும் திருத்திய கொட்டேஷன் கேட்பேன், ஹூடுக்குத் தனியாக. லேண்ட்லார்டுக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுவேன். மூன்று வேலைக்கும் ஒப்புதல் கேட்டுவிட்டு, கூரை யூனிட்டை அவர் பக்கம் தள்ளுவேன்: "உங்கள் சொத்துக்கு 41,000 டாலர் மதிப்புள்ள யூனிட்டுகள் 8,200-க்குக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. பாதியை நீங்கள் தந்தால் பாதியை நாங்கள் தருகிறோம், நீட்டிப்பையும் இப்போதே கையெழுத்திடுகிறோம்." பாதி என்றால் உங்கள் பங்கு 4,100, நாலரை வருஷத்தில் திரும்பி வரும், நீட்டித்த லீஸுக்குள் அடங்கும். நடுவில் நீங்கள் வெளியேற நேர்ந்தால் கழியாத பங்கை அவர் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் வேண்டும். புது யூனிட்டில் ஆர்-454பி அல்லது ஆர்-32 என்ற புதிய வகைக் குளிர்வாயு இருக்கும் என்பதால் சர்வீஸ் யார், வாரன்டி யார் பெயரில் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

அவர் மாட்டேன் என்றால் மூன்று வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீட்டிப்பு உரிமையைப் பயன்படுத்த எத்தனை மாதம் முன்பு அறிவிக்க வேண்டும் என்று லீஸில் பார்த்து அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தப் பேச்சு வரும்போது கூரை யூனிட்டை மறுபடி எடுக்கலாம். இடையில் யூனிட் நின்றுவிட்டால், வழக்கறிஞர் சொன்ன முதல் பதிலின்படி யார் பொறுப்போ அவர்தான் பார்க்க வேண்டும்.